சர்க்கரை உள்ள பெரியவர்களுக்கு ஆபரேஷன்: சேலம் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலத்தில் ஆபரேஷனுக்கு முந்தைய பரிசோதனைப் பிரிவில் நர்ஸாக வேலை பார்த்த காலம் முழுக்க என் காதில் விழுந்தவை ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். ஆத்தூர், எடப்பாடி, மேட்டூர், ஏற்காடு என்று ஊர் மாறும், சந்தேகம் மாறாது. டாக்டர் முன்னால் தலையாட்டிவிட்டு, வெளியே வந்ததும் "சிஸ்டர், ஒரு நிமிஷம்" என்பார்கள். அப்படி வந்த கேள்விகளைக் கேட்டவர்களின் பேச்சிலேயே கீழே போட்டிருக்கிறேன். உங்கள் வீட்டுப் பெரியவரைச் சோதித்துப் பார்த்த டாக்டர் சொல்வதே கடைசி. அவரிடம் என்ன கேட்கலாம் என்று தெரிந்துகொண்டு போக இது உதவும்.

"ஏனுங்க சிஸ்டர், சுகர் இருக்கறவங்களுக்கு ஆபரேஷனே பண்ணக் கூடாதாமா? புண்ணு ஆறவே ஆறாதுங்கறாங்க."

ஆறும். மெதுவாக ஆறும், சீழ் பிடிக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம், அவ்வளவுதான். கட்டுப்பாட்டில் இருக்கும் சர்க்கரையோடு தினமும் எத்தனையோ பேர் ஆபரேஷன் முடிந்து நடந்து வீட்டுக்குப் போகிறார்கள். உண்மையில் டாக்டர்கள் கவலைப்படுவது தையலைப் பற்றி மட்டும் இல்லை. பத்துப் பதினைந்து வருஷச் சர்க்கரை இதயத்தையும் சிறுநீரகத்தையும் என்ன செய்து வைத்திருக்கிறது என்பதுதான் அவர்களுக்குப் பெரிய கேள்வி. சர்க்கரைக்காரர்களுக்கு நெஞ்சு வலியே தெரியாமல் மாரடைப்பு வந்து போயிருக்கலாம். இதயத்துக்கு ஈசிஜி, எக்கோ, சிறுநீரகத்துக்குக் கிரியாட்டினின் என்று அலைய விடுவது அதனால்தான்.

செய்தால் என்ன ஆகும் என்று எல்லோரும் கேட்கிறார்கள். செய்யாவிட்டால் ஆறு மாதத்தில் என்ன ஆகும் என்று கேட்பவர்கள் குறைவு. இரண்டையும் சேர்த்துக் கேளுங்கள். இந்தப் பக்கத்தில் பாதிக் கேள்விகளுக்கு விடை அதில்தான் இருக்கிறது.

"அம்மாவுக்கு எழுபத்தெட்டு ஆச்சுங்க. இந்த வயசுல எதுக்கு உடம்புல கத்தி வெக்கோணும்?"

ஏற்காட்டில் காபித் தோட்டத்தில் ஏறி இறங்கிப் பழகிய எண்பது வயது ஆத்தாவும், டிவி முன்னால் நாற்காலியை விட்டு எழாத அறுபத்திரண்டு வயதுக்காரரும் ஒரே நாளில் எங்களிடம் வருவார்கள். மயக்க மருந்து டாக்டருக்கு முதலாமவரைப் பற்றித்தான் கவலை குறைவு. நிற்காமல் இரண்டு மாடி ஏற முடிகிறதா என்று அவர் கேட்பது பொழுதுபோக்குக்கு இல்லை. இதயமும் நுரையீரலும் ஆபரேஷனைத் தாங்குமா என்பதற்கு அது ஓரளவு நல்ல அளவுகோல். மூட்டு வலியால் ஏற முடியாதவர்களுக்கு வேறு பரிசோதனை உண்டு.

வீட்டிலேயே நீங்கள் கவனிக்க வேண்டியவை: கடந்த ஆறு மாதத்தில் காரணமில்லாமல் எடை குறைந்ததா, கீழே விழுந்தாரா, தனியாகக் குளிக்கிறாரா, கழிவறைக்குத் துணை வேண்டுமா, மறதி கூடியிருக்கிறதா. இதையெல்லாம் சேர்த்து 1 முதல் 9 வரை மதிப்பெண் போடும் தளர்ச்சி அளவுகோலே மருத்துவத்தில் இருக்கிறது. 1 என்றால் திடகாத்திரம். எண் கூடக் கூட ஆபத்தும் கூடும். பிறந்த வருஷத்தைவிட இந்த எண்ணுக்குத்தான் மதிப்பு அதிகம்.

"ஆடி போகட்டும், தைக்கு வெச்சுக்கலாம்னு அப்பா சொல்றாரு. தள்ளிப் போட்டா பரவாயில்லையா?"

எந்த ஆபரேஷன் என்பதைப் பொறுத்தது. முழங்கால் மாற்றுவது, கண்புரை, வலியில்லாமல் உள்ளே போய் வெளியே வரும் குடலிறக்கம் இவற்றுக்குத் தை வரை நேரம் உண்டு. அந்த நேரத்தைச் சர்க்கரையைச் சரிசெய்யப் பயன்படுத்திக்கொண்டால் தள்ளிப் போட்டதும் நல்லதே. பித்தப்பையில் கல் இருப்பது ஸ்கேனில் தற்செயலாகத் தெரிந்து, எந்தத் தொந்தரவும் இல்லையென்றால் பெரும்பாலும் ஆபரேஷனே தேவைப்படாது.

இடுப்பு எலும்பு முறிவுக்கு ஆடியும் கிடையாது, அமாவாசையும் கிடையாது. ஒன்றிரண்டு நாளுக்குள் செய்தால்தான் பெரியவர் மீண்டும் எழுந்து நடக்க வாய்ப்பு. படுக்கையிலேயே போட்டு வைத்தால் நிமோனியா, படுக்கைப் புண், காலில் இரத்தக் கட்டி என்று ஒவ்வொன்றாக வரும். குடலிறக்கம் திடீரென்று கல் மாதிரி இறுகி, உள்ளே போகாமல், வலியும் வாந்தியும் வந்தால் அது அன்றைக்கே செய்ய வேண்டியது. காலில் ஈரமாக அழுகி நாற்றமும் காய்ச்சலும் வந்தாலும் அப்படியே. புற்றுநோய்க் கட்டி இரண்டுக்கும் நடுவில் நிற்கும். சில வாரம் கொடுப்பார்கள், மாதக்கணக்கில் கொடுக்க மாட்டார்கள்.

"சுகர் எவ்வளவுல இருந்தா பண்ணுவாங்க?"

இரண்டு எண் பார்ப்பார்கள். ஒன்று, மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி. நாள் குறித்துச் செய்யும் ஆபரேஷனுக்கு இது 8-க்குக் கீழே இருப்பது நல்லது என்பது அமெரிக்க நீரிழிவுச் சங்கத்தின் அறிவுரை. இங்கிலாந்தில் 8.5 வரை ஏற்கிறார்கள். உங்கள் டாக்டர் 7.5 என்றும் சொல்லலாம், குறிப்பாக மூட்டு மாற்றுக்கு. இரண்டாவது, ஆபரேஷன் நாளன்று உள்ள சர்க்கரை. அது 100 முதல் 180-க்குள் இருக்க வேண்டும் என்று பார்ப்பார்கள். முந்தைய பதிலில் சொன்ன அவசர ஆபரேஷன்களுக்கு எச்பிஏ1சி குறையட்டும் என்று யாரும் காத்திருக்க மாட்டார்கள். இன்சுலின் சொட்டு ஏற்றிக்கொண்டே செய்வார்கள்.

இரத்தசோகை இருந்தாலோ, சமீபத்தில் இரத்தம் ஏற்றியிருந்தாலோ எச்பிஏ1சி பொய் சொல்லும். சிறுநீரகம் கெட்டிருந்தாலும் அப்படித்தான். அப்போது வீட்டில் குளுக்கோமீட்டரில் பார்த்து எழுதிய நோட்டுதான் நம்பகமானது. இன்னொன்று: 6-க்குக் கீழே கொண்டுவந்துவிட்டோம் என்று பெருமையாகச் சொல்லும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். தளர்ந்த பெரியவருக்கு அந்த எண், இராத்திரியில் சர்க்கரை இறங்கிப்போகிறதோ என்று எங்களைச் சந்தேகப்பட வைக்கும்.

"பட்டினி போட்டாவது சுகரைக் குறைச்சுட்டு அடுத்த வாரம் வெச்சுக்கலாமா?"

பட்டினி வேண்டாம். தினசரி சர்க்கரையை இன்சுலின் கொண்டு சில நாட்களில் இறக்கலாம். எச்பிஏ1சி அப்படி இறங்காது, இரண்டு மூன்று மாதம் எடுக்கும். ஏற்கெனவே விழித்திரை பாதித்தவர்களுக்குச் சர்க்கரையைச் சடாரென்று இறக்கினால் கண் இன்னும் மோசமாகவும் வாய்ப்பு உண்டு.

பயந்துபோய் மூன்று வேளையும் ராகிக் களியும் கோதுமைக் கஞ்சியும் மட்டும் கொடுக்கிறார்கள். களியும் மாவுச்சத்துதான், சர்க்கரையை ஏற்றத்தான் செய்யும். பெரியவர்களுக்குத் தசை கரைந்தால் ஆபரேஷனுக்குப் பிறகு எழுந்து நிற்கவே ஆள் பிடிக்க வேண்டிவரும். முட்டை, பருப்பு, சுண்டல், மீன், தயிர் இவற்றைக் கூட்டுங்கள். சிறுநீரகக் கோளாறு இருந்தால் மட்டும் அளவைக் கேட்டுக்கொள்ளுங்கள். தினமும் கொஞ்சம் நடையும் வேண்டும். மே மாதத்தில் ஆபரேஷன் என்றால் மல்கோவாவைப் பற்றித் தனியாக ஒரு பேச்சுவார்த்தை நடத்தியாக வேண்டும், அதை உங்களிடமே விடுகிறேன்.

"இன்சுலின் ஒரு தடவ போட்டா ஆயுசுக்கும் போடோணுமாமே?"

ஆபரேஷனையொட்டிப் போடும் இன்சுலினை, காயம் ஆறிச் சாப்பாடு பழையபடி ஆனதும் பலருக்கு நிறுத்திவிட்டு மாத்திரைக்கே திரும்புவார்கள். சிலருக்குத் தொடரும். அவர்களுடைய கணையம் முன்பே ஓய்ந்திருக்கும், ஆபரேஷன் சமயத்தில் அது தெரியவந்திருக்கும். இந்தப் பயத்தால் இன்சுலினைத் தவிர்த்து 300-லேயே நாளை ஓட்டுவதுதான் ஆபத்து.

"எந்த மாத்திரைய எப்ப நிறுத்தோணும்?"

மலையிலிருந்து வந்த ஒரு பாட்டி மஞ்சப்பையை மேசையில் கவிழ்த்தார். மெடிக்கலில் நாலு நாலாக வெட்டி வாங்கிய அட்டைத் துண்டுகள். ஒன்றில் "மின் 500" என்று பாதிப் பெயர், இன்னொன்றில் காலாவதித் தேதி மட்டும், மற்றதில் எதுவுமே இல்லை. "வெள்ளை காலையில, ரோஸ் சாப்ட்டப்பறம்" என்றார். அவரைக் குறை சொல்லி என்ன செய்ய? ஆனால் எதை நிறுத்துவது என்று சொல்லப் பெயர் வேண்டும். ஆகவே முழு அட்டையையோ பழைய சீட்டையோ கொண்டுவாருங்கள். ஆவாரம்பூப் பொடி, சிறுகுறிஞ்சான், நாட்டு மருந்து எதுவானாலும் மறைக்காமல் சொல்லுங்கள்.

பொதுவாக நடப்பது இது. டாபாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின் வகையை ஆபரேஷனுக்கு மூன்று நாள் முன்பே நிறுத்துவார்கள். மீட்டரில் சர்க்கரை சாதாரணமாகத் தெரியும்போதே இரத்தத்தில் அமிலம் ஏறிவிடும் ஆபத்து இதில் உண்டு. இதே மாத்திரையை இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் கொடுக்கிறார்கள் என்பதால், "அது சுகர் மாத்திரை இல்லீங்க, ஹார்ட் மாத்திரை" என்று எங்களிடம் சொல்லாமல் விட்டுவிடுவார்கள். மெட்ஃபார்மின், கிளிமிபிரைடு இரண்டும் அன்று காலை வேண்டாம். நீண்ட நேரம் வேலை செய்யும் இன்சுலினை முழுதாக நிறுத்தக் கூடாது, ஏறக்குறைய முக்கால் பங்கு போடச் சொல்வார்கள். வாரம் ஒருமுறை போடும் செமாகுளூடைடு ஊசி வயிறு காலியாவதைத் தாமதப்படுத்தும். அதை மயக்க மருந்து டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

இரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் ஆஸ்பிரின், குளோபிடோகிரெல் மாத்திரைகளை நீங்களாக நிறுத்தவே கூடாது. இதயக் குழாய் அடைப்பில் வைக்கும் சிறு வலைக் குழாயான ஸ்டென்ட் வைத்து ஆறு மாதம்கூட ஆகவில்லை என்றால், அவசரமில்லாத ஆபரேஷனையே தள்ளி வைக்கத்தான் பார்ப்பார்கள்.

"வெறும் வயித்துல இருக்கறப்ப சுகர் எறங்கிட்டா என்ன பண்றது?"

நியாயமான பயம். திட உணவு ஆறு மணி நேரத்துக்கு முன்போடு நிறுத்தம், வெறும் தண்ணீர் இரண்டு மணி நேரம் முன்பு வரை என்பது பொது வழக்கம். நாள்பட்ட சர்க்கரையால் செரிமானம் மந்தமானவர்களுக்கு இதைவிடக் கூடுதலாகச் சொல்லலாம். "இராத்திரி எட்டு மணிக்கு மேல பச்சத் தண்ணி கூடக் கூடாது" என்று யாராவது சொன்னால் எத்தனை மணிக்கு ஆபரேஷன் என்று திருப்பிக் கேளுங்கள். சர்க்கரைக்காரரைப் பட்டியலில் காலையில் முதலாவதாகப் போடச் சொல்லிக் கேட்கலாம். வியர்வை, நடுக்கம், குழப்பமான பேச்சு வந்தால் உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள். 70-க்குக் கீழே என்றால் குளுக்கோஸ் ஏற்றுவார்கள்.

"கண்புரைக்குப் போனோம், சுகர் ஜாஸ்தின்னு திருப்பி அனுப்பிச்சுட்டாங்க. கண்ணுக்கும் சுகருக்கும் என்னங்க?"

கண்புரை ஆபரேஷன் பெரும்பாலும் மரத்துப்போக மருந்து மட்டும் போட்டு, சிறிய துளை வழியே சில நிமிடங்களில் முடிகிற வேலை. உடம்புக்குப் பாரம் குறைவு. ஆனாலும் கண்ணுக்குள் கிருமி புகுந்தால் பார்வையே போகும் என்பதால், சர்க்கரை மிக அதிகமாக இருந்தால் ஒன்றிரண்டு வாரம் தள்ளி வைக்கிறார்கள். நீங்கள் முக்கியமாகக் கேட்க வேண்டியது "விழித்திரையைப் பார்த்தீர்களா" என்பது. அங்கே வீக்கம் இருந்தால் அதற்கு முதலில் ஊசி போட வேண்டியிருக்கும். இல்லையென்றால் லென்ஸ் வைத்த பிறகும் "தெரியலையே" என்று சொல்வார் பெரியவர்.

தளர்ந்த பெரியவர்களுக்கும் நான் தயங்காமல் பரிந்துரைக்கும் ஆபரேஷன் இது. பார்வை தெளிந்தால் கீழே விழுவது குறையும், இன்சுலின் ஊசியில் அளவுக்கோடு தெரியும்.

"வெரல் கறுத்துப் போச்சு, எடுக்கோணும்ங்கறாங்க. ஒருக்கா வெட்டுனா மேல மேல வெட்டிக்கிட்டே போவாங்களாமே?"

இந்தக் கேள்விக்குப் பின்னால் ஒவ்வொரு தெருவிலும் ஒரு கதை இருக்கிறது. விரலில் ஆரம்பித்து முழங்கால் வரை போன யாரோ ஒருவர். அப்படி நடப்பது உண்மை. ஆனால் வெட்டியதால் மேலே போகவில்லை. காலுக்கு இரத்தம் வரும் குழாய் அடைத்திருப்பதைச் சரிசெய்யாமல் விரலை மட்டும் எடுத்தால், எடுத்த இடமும் ஆறாது. ஆகவே கையெழுத்துப் போடும் முன் "இரத்த ஓட்டம் பார்த்தாச்சா, அதற்கான டாப்ளர் ஸ்கேன் எடுத்தாச்சா, ஆஞ்சியோ செய்து அடைப்பு எடுக்க முடியுமா" என்று கேளுங்கள். கணுக்காலில் பட்டை சுற்றி எடுக்கும் அழுத்தக் கணக்கு சர்க்கரைக்காரர்களுக்கு ஏமாற்றும். குழாய் கெட்டிப்பட்டிருப்பதால் எண் நல்லதாகத் தெரியும்.

விரல் காய்ந்து கறுத்து, வலியும் காய்ச்சலும் இல்லாமல் இருந்தால் இரத்த ஓட்டத்தைச் சரிசெய்யும் வரை பொறுக்க வழி உண்டு. ஈரமாக, வீங்கி, நாற்றத்தோடு இருந்தால் பொறுக்க வழியே இல்லை. பச்சிலை கட்டி, சுடுதண்ணீரில் கால் வைத்து, பத்து நாள் கழித்து வருகிறவர்களுக்குத்தான் விரலோடு முடிய வேண்டியது பாதத்தில் முடிகிறது. உணர்ச்சி இல்லாத கால் சுடுதண்ணீரில் வெந்து போவதும் தெரியாது.

அம்மாபேட்டையில் குழித்தறி ஓட்டிய ஒரு பெரியவர், "மிதி மிதிக்கற காலுங்க இது" என்று கையெழுத்துப் போட மறுத்தார். அறுவை டாக்டர் பேனாவை எடுத்து, எடுக்கப்போகும் இரண்டு விரலின் அடியில் பாதத்திலேயே கோடு போட்டுக் காட்டினார். பெரியவர் காலைத் தரையில் ஊன்றி, அந்தக் கோட்டுக்குப் பின்னால் உள்ள பகுதியை மட்டும் இரண்டு தடவை அழுத்திப் பார்த்தார். "குதிகாலும் இந்த மேடும் இருக்குமில்ல?" என்றார். இருக்கும் என்றதும் பேனாவை வாங்கினார். எது போகும், எது மிஞ்சும், மிஞ்சுவதை வைத்து என்ன செய்யலாம் என்பதைக் காட்டச் சொல்லிக் கேட்பது உங்கள் உரிமை.

"முழங்கால் மாத்துனா ஆத்தா பழையபடி மலை ஏறுமா?"

நன்றாக நடப்பார், வலி குறையும். செங்குத்துப் பாதையில் சுமையோடு ஏறுவதை எதிர்பார்க்க வேண்டாம். இது உயிர் காக்கும் ஆபரேஷன் இல்லை, வாழ்க்கையை இலகுவாக்கும் ஆபரேஷன். ஆகவே இங்கே அவசரம் கூடாது. உள்ளே வைக்கும் உலோகத்தில் கிருமி தங்கினால் எடுப்பது பெரும்பாடு. சொத்தைப் பல், நீர்க்கடுப்பு, காலில் பித்தவெடிப்புப் புண் எல்லாவற்றையும் முதலில் ஆற்றிவிட்டுத்தான் நாள் குறிக்க வேண்டும். பிறகு வாரக்கணக்கில் பிசியோதெரபி உண்டு. அதற்கு யார் துணை, வீட்டில் மேற்கத்திய கழிவறை இருக்கிறதா என்பதை முன்கூட்டியே பாருங்கள். பயிற்சி செய்ய மனமில்லாதவருக்கு மூட்டை மாற்றி ஒரு பயனும் இல்லை.

"ஹார்ட்ல மூணு அடைப்புங்கறாங்க. பெரியவருக்கு ஸ்டென்ட்டே போதாதா?"

சர்க்கரையோடு பல குழாய்களில் அடைப்பு உள்ளவர்களை வைத்து நடந்த ஃப்ரீடம் என்ற பெரிய ஆய்வு 2012-இல் வெளியானது. ஸ்டென்ட் வைத்தவர்களைவிட பைபாஸ் செய்தவர்களுக்கு இறப்பும் மாரடைப்பும் குறைவாக இருந்தன, பக்கவாதம் மட்டும் சற்று அதிகம். டாக்டர் பைபாஸ் என்று சொன்னால் பணத்துக்காகச் சொல்கிறார் என்று உடனே நினைக்க வேண்டாம். அதே நேரம், அந்த ஆய்வில் இருந்தவர்களின் சராசரி வயது 63 தான். எண்பதை நெருங்கும் தளர்ந்த பெரியவருக்கு அந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. மேலே சொன்ன தளர்ச்சி மதிப்பெண்ணை வைத்துக்கொண்டு இதய டாக்டரையும் அறுவை டாக்டரையும் சேர்த்து வைத்துக் கேளுங்கள்.

"ஆபரேஷன் முடிஞ்சு அம்மா ஒளற ஆரம்பிச்சுட்டாங்க. மயக்க மருந்து மூளைக்கு ஏறிடுச்சா?"

பெரியவர்களுக்கு ஆபரேஷனுக்குப் பிறகு வரும் தற்காலிகக் குழப்பம் இது. இராத்திரியில் கூடும், பகலில் தெளியும், பெரும்பாலும் சில நாளில் சரியாகும். முதுகில் ஊசி போட்டு மரக்க வைத்தாலும் வரலாம். சர்க்கரை இறங்கியதா, நீர் போகாமல் அடைத்திருக்கிறதா, வலியா, காய்ச்சலா, சோடியம் குறைவா என்று பார்க்கச் சொல்லுங்கள். கண்ணாடியையும் காது மிஷினையும் வீட்டில் விட்டு வராதீர்கள். பழகிய முகம் ஒன்று பக்கத்தில் இருக்கட்டும். ஏற்கெனவே மறதி உள்ளவர்களுக்கு இது வரும் வாய்ப்பு அதிகம் என்பதால், ஆபரேஷன் முடிவெடுக்கும்போதே இதையும் கணக்கில் சேருங்கள்.

"நாங்க ஏற்காட்டுக்கு மேல இருக்கறமுங்க. டிஸ்சார்ஜ் ஆனா கட்டுப் பிரிக்க எறங்கி வரோணுமா?"

இருபது கொண்டை ஊசி வளைவை நேற்றுத் தையல் போட்ட வயிற்றோடு தாண்டுவது லேசான காரியமில்லை. முடிந்தால் முதல் வாரம் கீழே சொந்தக்காரர் வீட்டில் தங்குங்கள். மேலே போனபின் கட்டுப் பிரிக்க அருகிலுள்ள அரசு ஆஸ்பத்திரியோ ஆரம்ப சுகாதார நிலையமோ போதும், டிஸ்சார்ஜ் சீட்டில் காயத்தை எப்படிக் கட்டுவது என்று எழுதி வாங்கிப் போங்கள். 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை, பிரஷர் மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கிறார்கள். ஆபரேஷனுக்குப் பின் மாத்திரை மாறியிருந்தால் அந்தப் பணியாளரிடம் புதுச் சீட்டைக் காட்டுங்கள், இல்லாவிட்டால் பழையதையே கொடுத்துக்கொண்டிருப்பார்கள். காயம் சிவந்தாலோ, நீர் கசிந்தாலோ, சர்க்கரை காரணமில்லாமல் ஏறினாலோ மறுபரிசோதனை நாள் வரை காத்திருக்காமல் இறங்கி வாருங்கள்.

"காப்பீட்டு அட்டையில ஆகுமா?"

முதலமைச்சரின் விரிவான காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. உங்களுக்குச் சொன்ன ஆபரேஷன் அந்தப் பட்டியலில் இருக்கிறதா, நீங்கள் போகும் ஆஸ்பத்திரி சேர்ந்திருக்கிறதா என்று சேரும் முன்பே காப்பீட்டுக் கவுண்டரில் கேளுங்கள். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் அதற்கென்று ஆள் இருக்கிறார்கள். போக்குவரத்து, துணைக்கு இருப்பவரின் கூலி இழப்பு இவை எந்த அட்டையிலும் வராது. முடிவெடுக்கும்போது அதையும் கூட்டிக்கொள்ளுங்கள்.

"அப்பா வேண்டாங்கறாரு, அண்ணன் பண்ணியே ஆகோணுங்கறான், பெங்களூர்ல இருக்கற தங்கச்சி போன்ல அழுவுது. யாரு சொல்றத கேக்கறது?"

அப்பா சொல்வதை. அவருக்குச் சுயநினைவும் புரியும் திறனும் இருக்கும்வரை கையெழுத்து அவருடையது, சட்டப்படியும் நியாயப்படியும். பிள்ளைகள் கூட்டமாக நிற்கும்போது பெரியவர்கள் வாய் திறக்க மாட்டார்கள். செலவுக்குப் பயந்து வேண்டாம் என்கிறாரா, வலிக்குப் பயந்தா, போதும் என்று நினைத்தா என்பதைத் தனியாக உட்கார்ந்து கேட்டால்தான் தெரியும். செலவுக்குப் பயந்தவர் காப்பீடு இருப்பது தெரிந்ததும் மனம் மாறியதுண்டு. போதும் என்று நினைப்பவரை மாற்ற முயல்வது கொடுமை. "கட்டியெல்லாம் ஒண்ணுமில்லப்பா, சின்னக் கொப்புளம்" என்று பொய் சொல்லித் தியேட்டருக்குள் அனுப்பும் வழக்கம் நம் பக்கம் இன்னும் இருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடே இல்லை.

"வேண்டாம்னு முடிவு பண்ணிட்டா டாக்டர் கோவிச்சுக்கிட்டுப் பாக்காம உட்ருவாங்களா?"

விடக் கூடாது, நல்ல டாக்டர் விடவும் மாட்டார். ஆபரேஷன் வேண்டாம் என்றால் மருத்துவமே வேண்டாம் என்று ஆகாது. முழங்காலுக்குப் பயிற்சியும் வலி மருந்தும் கைத்தடியும் இருக்கின்றன. குடலிறக்கத்தில் கவனிக்க வேண்டிய அறிகுறிகளை மேலே சொல்லியிருக்கிறேன். படுக்கையிலேயே இருக்கும், ஆளை அடையாளம் தெரியாத ஒருவருக்குக் கால் கறுத்துவிட்டால், காலை எடுக்காமல் வலியையும் நாற்றத்தையும் மட்டும் கட்டுப்படுத்தி வைத்துக்கொள்வதும் டாக்டரோடு சேர்ந்து எடுக்கக்கூடிய முறையான முடிவுதான். வலி தணிப்புச் சிகிச்சை எங்கே கிடைக்கும் என்று வெளிப்படையாகக் கேளுங்கள்.

அப்படிப்பட்டவருக்குச் சர்க்கரையை 120-லேயே பிடித்து வைக்க வேண்டும் என்று விரலைக் குத்திக்கொண்டே இருக்க வேண்டியதும் இல்லை. மிகவும் ஏறாமலும் இறங்காமலும் இருந்தால் போதும், எந்த அளவு என்பதை டாக்டர் எழுதிக் கொடுப்பார். முடிவை மாற்றிக்கொள்ள நினைத்தால் எப்போது வரை மாற்றலாம் என்பதையும் அதே சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.